எட்டு சென்டிமீட்டர்

ஏப்ரல் 23, செவ்வாய்

மூன்றாம் படிவம், அ பிரிவு. பிழை எல்லை நடத்தினேன். சராசரி, திட்ட விலக்கம், கூட்டல்-கழித்தல் குறி. பத்தொன்பது பேரும் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார்கள். "கடல் மட்டம் பதினைந்து, கூட்டல்-கழித்தல் நான்கு என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். ஒருவன் எழுந்து நின்று, "பத்தொன்பதும் பதினொன்றும் சார்" என்றான். நடுவில் இருப்பதெல்லாம்? "அதை நீங்க சொல்லித்தரல சார்."

இதற்கா சுவாப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தேன்? வானிலை நிலையத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்?

பாடம் நடக்கும்போது கடற்கரையிலிருந்து ஒரே கூச்சல். ஆனோ பந்தாட்டம் என்று நினைத்தேன். இல்லையாம். அது ஆ பிரிவு. அங்கேயும் இதே பாடம்தான் நடக்கிறதாம். நடத்துவது பனாபா.

பனாபா! வரலாறும் மொழியும் நடத்துகிறவன். வேதியியலில் இரண்டு தடவை தோற்றவன். கணக்கில் தேறினான் என்றால் அது என் விடைத்தாளைப் பார்த்துத் தேறியது. அறிவியலுக்கு ஆள் போதவில்லை என்று தலைமை ஆசிரியை புவாகேனா காலநிலைப் பாடத்தைத் தூக்கி அவனிடம் கொடுத்திருக்கிறார். ஏன், இரண்டு பிரிவையும் நானே நடத்த மாட்டேனா? கேட்டேனா? கேட்டேன். "உனக்கு ஒரு பிரிவே போதும் லுடேலு, பிள்ளைங்க பாவம்" என்றார்.

ஏப்ரல் 24, புதன்

போய்ப் பார்த்தேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பழைய இறங்குதுறையின் சிமென்ட் சுவர். கிழக்கு, மேற்கு என்று ஊர் இரண்டாக நிற்பது போதாது என்று வகுப்பையும் பிரித்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு பக்கமும் சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட வேண்டும். இன்றைய கடல் பெருக்கின் உச்சம் அந்த இரண்டு கோட்டுக்குள் நிற்க வேண்டும். நின்றால் பத்துப் புள்ளி. ஆனால் கோடுகளுக்கு நடுவே எத்தனை விரல் அகலமோ அத்தனை புள்ளி போய்விடும். தண்ணீர் கோட்டுக்கு வெளியே போனால் மொத்தமாகப் பத்துப் புள்ளி நஷ்டம்.

கிழக்கு எட்டு விரல் அகலம் போட்டது. "அடேயப்பா, அதுக்குள்ள திமிங்கிலம் குட்டியோட நீந்தும்!" என்று மேற்கு கத்தியது. மேற்கு இரண்டே விரல் போட்டது. "பாருங்கடா, கடல் இவங்களுக்குக் கடிதம் போட்டிருக்கு!" என்று கிழக்கு. தண்ணீர் ஏறி வந்து மேற்கின் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. பிறகு கிழக்கு குதித்ததைப் பார்த்தால் ஏதோ போரில் வென்ற மாதிரி இருந்தது.

ஒரு பையன் பனாபாவிடம், "சார், நாளைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாதுப்பா. உனக்கும் தெரியாது. எவ்வளவு தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

சிரித்துக்கொண்டே சொல்கிறான். தெரியாது என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு வெட்கம் வேண்டாமா?

ஏப்ரல் 30, செவ்வாய்

செய்தி. நாடு முழுவதற்கும் மூன்றாம் படிவத்துக்குப் புதிதாகக் காலநிலைப் பாடநூல் வரப்போகிறது. ஜூலைக் கப்பலில் கல்வித் துறை அதிகாரி ஒருவர் வருகிறார். ஒவ்வொரு தீவிலும் பாடம் நடப்பதைப் பார்த்து, ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் தலைநகர் புனாபுட்டியில் உட்காரவைத்து நூலை எழுத வைப்பார்கள்.

புவாகேனா டீச்சர் சொல்லி முடிக்கும் முன்பே என் மனம் பெட்டி கட்டிவிட்டது. இந்தத் தீவில் கடல்மட்டத்தை அளக்கிறவன் நான் ஒருத்தன்தான். தேவாலயத்துக்கு எதிரே, ஆழமில்லாத தண்ணீரில், போன மே மாதம் என் கையால் நட்ட கம்பம். தினம் இரண்டு அளவு. அதிலிருந்து அட்டவணையில் கணித்த பெருக்கைக் கழித்தால் மிச்சம் தெரியும். கடல் உண்மையில் ஏறுகிறதா என்பதைச் சொல்வது அந்த மிச்சம்தான். பனாபாவிடம் என்ன இருக்கிறது? சாக்பீஸ்.

மே 9, வியாழன்

என் வகுப்பில் நான்கு பேரைக் காணோம். தண்ணீர் குடிக்கப் போனார்களாம். இறங்குதுறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மே 13, திங்கள்

வாலிசி ஆ பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் பிரிவில் இருந்த ஒரே மூளை. காரணம் என்ன என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க மேற்கு தோத்துக்கிட்டே இருக்கு சார்" என்றாள்.

நானும் மேற்குதான். ஆகவே மறுக்கவும் முடியவில்லை.

மே 20, திங்கள்

இன்று காலை முகம் கழுவும்போது பளிச்சென்று பட்டது. பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

சுவாவில் மூன்றாம் ஆண்டு, புள்ளியியல். 'இதிலிருந்து இதற்குள்' என்று ஒருவர் கணித்தால், அந்தக் கணிப்புக்கு எப்படி மதிப்பெண் போடுவது? அகலத்துக்குச் சிறு அபராதம், தவறினால் பெரிய அபராதம். அப்போதுதான் யாரும் பொய்யாகத் துணிய மாட்டார்கள், பயந்து அகலப்படுத்தவும் மாட்டார்கள். இரண்டு பக்கம் நீளும் தேற்றம். அந்தத் தாளில் எனக்கு அறுபத்தொரு மதிப்பெண்.

அதேதான் அந்த சாக்பீஸ் ஆட்டம். புள்ளி மாறாமல் அதேதான்.

நேராகப் போய்க் கேட்டேன். "எங்கடா படிச்ச இதை?"

"எதை?"

"விரல் அகலத்துக்குப் புள்ளி கழிக்கறதை."

"படிக்கறதா? முதல் நாள் கிழக்குக்காரனுங்க சுவர் முழுக்கக் கோடு போட்டுட்டு ஜெயிச்சோம்னானுங்க. அந்தத் திருட்டுக்கு அபராதம் வெச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன், தப்பா? நீ படிச்சவன், சொல்லு" என்றான்.

"பரவாயில்லை" என்றேன். வேறென்ன சொல்ல? நான் மூன்று வருடம் படித்துக் கண்டதை நீ ஒரு சண்டையைத் தீர்க்கப் போய்க் கண்டுபிடித்துவிட்டாய், உன்னைக் கடலில் தள்ளலாம் போலிருக்கிறது என்றா?

ஆனால் ஒன்று. அவனுடைய ஆட்டம் நாளைய பெருக்கைத்தான் சொல்லும். எண்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்று சாக்பீஸ் சொல்லுமா? சொல்லாது. அங்கேதான் அவன் மாட்டுவான்.

ஜூன் 1, சனி

கப்பலேறுகிறேன். புனாபுட்டி வானிலை நிலையத்தில் இரண்டு வாரப் பயிற்சி. நான் வரும்வரை வகுப்புத் தலைவி கம்பத்தைப் படித்து எழுதி வைப்பாள். தேவாலயத்தின் ஆண்டு விழா வேறு நான் இல்லாதபோது வருகிறது. நல்லதாகப் போயிற்று. ஐந்து நாள் விருந்தில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது.

ஜூன் 24, திங்கள்

கடவுளே. குதித்திருக்கிறது.

மிச்சத்தை வரைபடத்தில் போட்டேன். மே முடிய ஏற்றமும் இறக்கமுமாக ஒரே மட்டத்தில் வந்தது, ஜூன் நடுவிலிருந்து ஒரே தூக்காக மேலே போய்விட்டது. எட்டு சென்டிமீட்டர். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும்.

நிதானமாக யோசி, லுடேலு. கடல் ஒரு மாதத்தில் எட்டு சென்டிமீட்டர் ஏறுமா? ஏறலாம். காற்று வெதுநீரைத் தள்ளிக்கொண்டு வரும் லா நினா ஆண்டுகளில் நம் பக்கத்துக் கடல் அதைவிடவே வீங்கியிருக்கிறது. ஆனால் இது லா நினாவா? புனாபுட்டியில் யாரும் அப்படிப் பேசவில்லையே.

தேவாலய அஸ்திவாரத்தில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டக்கருவி வைத்து, அந்தக் குமிழிலிருந்து கம்பத்தின் பூஜ்யம் எவ்வளவு கீழே என்று சரிபார்க்க வேண்டும். ஜூன் முறை பாக்கி. அரை நாள் வேலை. கருவி பாடகர் குழுவின் சீருடை மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

பார்த்துக்கொள்ளலாம். முதலில் அட்டைப் படம் வரைய வேண்டும். சிவப்பில். வகுப்பில் கேட்டால் லா நினா என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 28, வெள்ளி

சுமேயோ மாமா வந்தார். அம்மாவின் தம்பி. விழா விருந்துக்கு, அடித் தண்ணீர் வரை தோண்டிய தன் குழியின் புலாகாக் கிழங்கு முழுவதையும் வெட்டிக் கொடுத்துவிட்டார். கிழங்கை வெட்டிய பின் மிஞ்சும் தலைகளைத் திரும்ப நட வேண்டும். ஒரு தடவை நட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பயிர்.

"மாப்ளே, நட்டா பொழைக்குமா? போன தடவை உப்பு ஏறி ஓரத்துல எல்லாம் மஞ்சளாயிடுச்சு. பனாபா பையன்கிட்ட கேட்டேன். தெரியாது மாமாங்கறான். பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்கறவன் பேச்சா அது?"

எனக்கு உள்ளே எவ்வளவு இனித்தது! அவனிடம் கேட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். அட்டைப் படத்தை விரித்துக் காட்டினேன். ஜூனில் மேலே போன சிவப்புக் கோட்டில் விரலை வைத்தேன்.

"உறுதியா மாப்ளே?"

"உறுதி மாமா. கடல் ஏறினா குழியோட அடித் தண்ணியும் ஏறும். இந்த வருஷம் நடாதீங்க."

ஒரே மூச்சில் சொன்னேன். பனாபாவால் சொல்ல முடியாத ஒரு பதில்.

ஜூலை 5, வெள்ளி

ஆசிரியர் அறையில் பனாபா, "டேய் லுடே, உன் மாமா புண்ணியத்துல எங்க குழி நிறைஞ்சுபோச்சு" என்றான். புரியவில்லை. மாமா வெட்டிய தலைகள் காய்ந்து வீணாகிவிடுமே என்று பனாபாவின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாராம். கிழக்குக்காரர்களுக்கு!

"உங்கம்மா உப்புக்குப் பயப்படலையா?" என்றேன்.

"பயம்தான். அதான் பாதியைக் குழியில நட்டுட்டு, பாதியைத் தகர டிரம்முல மண் போட்டு மேட்டுல வெச்சிருக்கா."

எல்லாவற்றிலும் பாதி. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது.

ஜூலை 16, செவ்வாய்

அடித்து அடித்து எழுதுகிறேன்.

பள்ளி விட்ட பிறகு பனாபா வந்தான். கதவைச் சாத்தினான். கையில் வாலிசியின் நோட்டு. பெருக்கு பள்ளி நேரத்தில் வந்த ஒவ்வொரு நாளும் இறங்குதுறைச் சுவரில் தண்ணீர் எங்கே நின்றது என்று அவள் விரல் கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள். பக்கத்தில் அட்டவணையின் கணிப்பு. அதற்கும் பக்கத்தில் — யார் சொன்னது இவளுக்கு? — என் கம்பத்தின் அளவு. பள்ளிப் பலகையில் நான்தானே தினமும் எழுதிப் போடுகிறேன்.

"ஜூன் வரைக்கும் சுவரும் உன் கம்பமும் ஒண்ணாத்தான் ஏறி இறங்குதுடா. அப்புறம் கம்பம் மட்டும் தனியா ஏறிடுச்சு. சுவர் அங்கயேதான் இருக்கு."

"சாக்பீஸ் கோட்டை வெச்சு என் கம்பத்தைச் சரிபாக்கறியா நீ?"

"நான் பாக்கல. புள்ள பாத்தா. தப்பா இருந்தா சொல்லு, அவளுக்கு விளக்கறேன்."

"நீயே போய் ஆட்டி விட்டிருப்ப. அதிகாரி வர்ற நேரம் பாத்து."

சொல்லிவிட்டேன். சொன்னதும் அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எழுத வேண்டாம். நோட்டை மேசையில் வைத்தான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். புள்ளைகிட்டயும் சொல்லியிருக்கேன். நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 17, புதன்

விடுப்புப் போட்டுவிட்டுச் சீருடை மூட்டைகளைத் தூக்கி எறிந்து கருவியை எடுத்தேன். மூன்று தடவை அளந்தேன்.

மார்ச்சில், பித்தளைக் குமிழுக்குக் கீழே 1.742 மீட்டர்.

இன்று 1.822.

கடல் ஏறவில்லை. கம்பம் இறங்கியிருக்கிறது.

கடற்கரையில் பாய் உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கேட்டாள், "என்னடா அளக்கறே? கம்பம் நல்லாத்தானே இருக்கு?"

"யாராவது தொட்டீங்களா இதை?"

"தொட்டமாவா? பிடுங்கி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, நேரா நட்டோம்! ஆண்டு விழாவுக்கு மத்த தீவுக்காரங்க எல்லாம் வராங்க. ஊரே கல்லுக்குக் கல் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கு. நம்ம பக்கத்துக் கரையில மட்டும் ஒரு கோணல் கம்பு நிக்கணுமா? கிழக்குக்காரி சிரிக்க மாட்டாளா? மறுபடி சாயக்கூடாதுன்னு நல்லா ஆழமா நட்டோம். நீ ஊர்லேர்ந்து வந்து அழகா இருக்கும்மான்னியே!"

சொன்னேன். ஆமாம், சொன்னேன். எண்களெல்லாம் புதுக் கறுப்பில் பளபளத்தன. தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது என்று சந்தோஷப்பட்டேன். கம்பத்தைப் பிடுங்காமல் அடி வரைக்கும் எப்படிப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

நல்லா ஆழமா. எட்டு சென்டிமீட்டர் ஆழமா.

ஜூலை 18, வியாழன்

எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜூன் நடுவுக்குப் பிந்திய எண்கள் எல்லாவற்றிலும் எட்டைக் கழித்துவிட்டு, புது அட்டையில் புதுப் படம் வரைந்து மாட்டிவிடலாம். அதில் பொய்யே இல்லை. திருத்தம்தான். அறிவியலில் நடப்பதுதான். அதிகாரிக்கு எதுவும் தெரியப்போவதில்லை. பனாபா வாயைத் திறக்க மாட்டான்.

அதுதான் தாங்க முடியவில்லை. அவன் திறக்க மாட்டான். வாழ்நாள் முழுவதும் திறக்க மாட்டான். நான் புனாபுட்டியில் உட்கார்ந்து நூல் எழுதுவேன், அவன் இங்கே சிரித்துக்கொண்டே சாக்பீஸ் தேய்ப்பான். ஊருக்கு வரும்போதெல்லாம் "வாடா லுடே" என்று கட்டிப்பிடிப்பான். அவ்வளவு பெருந்தன்மையை எவன் சுமப்பது?

என் தப்பு அவன் ஒருத்தன் கையில் இருப்பதைவிட எல்லோர் கையிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இது நேர்மையா என்று தெரியவில்லை. பொறாமைதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

முதலில் மாமாவிடம் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் அவர் பின்னாலேயே குழி வரைக்கும் போனேன். வெறும் குழி. அடியில் கறுத்த தண்ணீர். நண்டு கூட இல்லை.

சொன்னேன். கம்பம், பெயின்ட், எட்டு, எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓரத்தில் குந்தி, குழித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப உப்பு வராதா?"

"வரலாம் மாமா. வராமலும் இருக்கலாம். எனக்கு... தெரியாது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"தெரியாதுன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? அவனைத் திட்டின மாதிரி என்னையும் திட்டியிருப்பீங்க."

"திட்டியிருப்பேன். திட்டிட்டுப் பாதியை நட்டிருப்பேன்." எழுந்து சாரத்தைத் தட்டினார். "தெரியாதுன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்டா. எங்கப்பனுக்குத் தெரியும். எப்ப மழை வரும்னு தெரிஞ்சுகிட்டா நாங்க இத்தனை காலம் நட்டோம்? நீ உறுதின்னதுனாலதான் கையைக் கட்டிட்டு உக்காந்தேன்."

வீடு வரைக்கும் நடந்து வந்தேன். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறையாமலேயே.

ஜூலை 22, திங்கள்

அதிகாரி அம்மாள் வந்தார். தலையில் பூமாலை, கையில் நோட்டு, கப்பல் மயக்கம் இன்னும் தீராத முகம். காலையில் பனாபாவின் இறங்குதுறை. வழக்கம்போலக் கூச்சல், வழக்கம்போலத் திமிங்கிலக் கிண்டல். மேற்கு மூன்று விரல் அகலத்தில் கோடு போட்டு ஜெயித்தது. வாலிசிதான் கோடு போட்டவள்.

அம்மாள் கேட்டார், நான் மே மாதத்திலிருந்து காத்திருந்த கேள்வியை: "நாளைக்குச் சரி. இந்தப் பிள்ளைங்களுக்குக் கிழவயசு ஆகறப்ப கடல் எங்க இருக்கும்? அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?"

பனாபா தலையைச் சொறிந்தான். "அது எனக்கு வராதும்மா. அதுக்கு லுடேலுவைத்தான் கேக்கணும்."

படுபாவி. ஜெயிக்கக்கூட விட மாட்டேன் என்கிறான்.

மதியம் என் வகுப்பு. ஆ பிரிவையும் வந்து உட்காரச் சொன்னேன். பழைய அட்டையையே மாட்டினேன், சிவப்பு மாறாமல். "இந்தப் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. கண்டுபிடியுங்கள்."

"ஜூன்ல குதிக்குது சார்."

"ஏன் குதிக்குது?"

"லா நினா சார். நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொன்னது தப்பு."

என் பிரிவு அதையும் எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டது. அம்மாவின் பெயின்ட் கதையைச் சொன்னேன். "நல்லா ஆழமா நட்டோம்" என்றதும் வகுப்பே உருண்டது. அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப கடலே ஏறலியா சார்? எல்லாம் பெயின்ட்டா?" என்றான். மறுபடியும் சிரிப்பு.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஏறுது. அதுக்குச் சாட்சி பல ஊர்ல, பல வருஷமா, பல கருவி. என் கம்பம் அதுல ஒரு சின்னச் சாட்சி. அது உளறிடுச்சு. ஒரு சாட்சி உளறினா வழக்கே பொய்யாயிடுமா?"

"ஆகாது."

"ஆனா உளறினதை நீதிபதிகிட்ட யார் சொல்லணும்?"

"சாட்சியைக் கூட்டிட்டு வந்தவர்" என்றாள் வாலிசி. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

எட்டைக் கழித்துப் புதுக் கோடு வரைந்தோம். தட்டை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாத கோடு.

"அப்ப உங்க கம்பத்துலேர்ந்து ஒண்ணுமே தெரியாதா சார்?"

"பதினாலு மாசத்துல தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"தினமும் விடாம படிச்சா, உனக்கு முப்பது வயசாகறப்ப."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "யார் சார் படிப்பாங்க அத்தனை வருஷம்?"

மணி அடித்துவிட்டது.

ஜூலை 24, புதன்

பனாபா.

ஜூலை 25, வியாழன்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை. நூல் எழுதத் தேர்ந்தெடுத்தது அவனை. கப்பலேறும் முன் அதிகாரி அம்மாளை இறங்குதுறையில் மடக்கிக் கேட்டேன். மரியாதைக்கெல்லாம் நேரமில்லை. "என் பாடத்துல என்ன குறை?"

"குறையே இல்லப்பா. நான் பாத்ததுலயே அதுதான் நல்ல பாடம். ஆனா உன் பாடத்தை நீ ஒருத்தன்தான், அதுவும் ஒரே ஒரு தடவைதான் நடத்த முடியும். அவர் பாடத்தை எந்தத் தீவுலயும் யாரும் நடத்தலாம். ஒரு சுவரும் சாக்பீஸும் போதும். நான் நூல் போடணும். என்ன செய்ய?"

சரியான காரணம். சரியான காரணத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனாபா போய்விட்டான். வழியனுப்பும் நடனத்தில் கிழக்கு கூரை அதிர ஆடியது. போட்டிக்கு மேற்கும் ஆடியது. நானும் ஆடினேன். தோற்றோம்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். படகு நகரும்போது, "அன்னிக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "எது?" என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, இல்லை மறந்த மாதிரி நடித்தானா? ஐம்பதுக்கு ஐம்பது. இதற்கு எத்தனை விரல் அகலம் போடுவது?

அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். மாமாவின் குழிக்குப் பக்கக் கன்று கேட்க. எனக்கு இதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது சுலபம். அவன் அம்மா டிரம்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, "வாய்யா கம்பக்காரா!" என்றாள். ஊருக்கே என் பேர் அதுதானாம் இப்போது. பன்னிரண்டு கன்று கொடுத்தாள். "ஆழமா நடாதே, அது உங்கம்மா பழக்கம்" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

ஆறு குழியில். ஆறு மேட்டில், டிரம்மில்.

செப்டம்பர் 13, வெள்ளி

முந்தாநாள் கப்பலில் ஒரு தடித்த உறை. பாடநூலின் முதல் வரைவு. மேலே ஒரு துண்டுக் காகிதம்: 'லுடே, எண்ணெல்லாம் நீ பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். திட்டாம எழுது.'

இரண்டு நாளாக உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு தப்பு. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது பாயசம் குடித்த மாதிரி இருந்தது, மறைப்பானேன். இரண்டாம் பாடத்தில் நூற்றாண்டு முடிவில் கடல் இவ்வளவு ஏறும் என்று ஒற்றை எண்ணைப் போட்டிருக்கிறான். இவன்! ஓரத்தில் எழுதினேன்: 'எவ்வளவு தெரியாது? அதைச் சொல்லு.' திட்டாமல்தான் எழுதியிருக்கிறேன்.

நான்காம் பாடம். தலைப்பு: 'நகர்ந்த கம்பம்'. அட்டைப் படம், ஜூன் குதிப்பு, சாட்சிக் கேள்வி எல்லாம் அப்படியே. வாலிசி சொன்ன பதில் வாலிசி பெயரோடு. அம்மாவின் பெயின்ட்கூட இருக்கிறது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கோணலா இருந்ததை எழுதினானா?" என்று கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனாள்.

ஆனால் பாடம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? 'ஒரு தீவில் ஓர் ஆசிரியர் இருந்தார்.'

ஓர் ஆசிரியராம்! என் மானம் போகக் கூடாது என்று மூடி வைக்கிறான். ஒன்பது தீவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் படிக்கப்போகிற தப்பு, இந்த நாட்டிலேயே பெரிய தப்பு, ஆசாமிக்குப் பேரில்லை. சுவருக்கும் சாக்பீஸுக்கும் மட்டும் கீழே 'தொகுத்தவர் பனாபா' என்று கொட்டை எழுத்து.

'ஓர் ஆசிரியர்' என்பதை அடித்துவிட்டு 'லுடேலு' என்று எழுதினேன். சிவப்பு மையில், இரண்டு முறை அழுத்தி.